பதிவேட்டில் இல்லாத கப்பல்

சொல்லுக்கு மூன்று ரூபாய்.
எண்களுக்குக் காசு கிடையாதென்று
பல்லார்ட் எஸ்டேட் அலுவலகத்தில்
முதலிலேயே சொல்லிவிட்டார் பிலிமோரியா.
தாத்தாவின் கம்பெனி போரில் இழந்த கப்பல்களுக்கு
வழவழத் தாளில் ஒரு புத்தகம் போடுகிறார்.
அதற்குத்தான் இந்த நீர்மூழ்கியின் நாட்குறிப்பு,
ஜெர்மனியிலிருந்து நகலாக வந்த நாற்பது பக்கம்.

ஆன்டாப் ஹில்லில் என் அறைக்கு
நள்ளிரவு தாண்டித்தான் ஜெர்மன் வரும்,
எதிர் பிளாக்கில் கடைசி மிக்சி நின்ற பிறகு.

கேப்டன் சிக்கனமானவன்.
காற்று வடகிழக்கு, இரண்டு. கடல் எண்ணெய் போல.
சமையல்காரனுக்குக் காதில் சீழ்.
குடிநீர் ஆளுக்கு ஒரு லிட்டர்.
பதினோரு நாள் அடிவானத்தில் புகையே இல்லை,
பிறகு புகை.
ஒன்பது சரக்குக் கப்பல், இரண்டு காவல் கப்பல்.
ஆட்களை அவன் எண்ணவில்லை, டன்களை எண்ணினான்.
நான் மட்டும் என்ன,
சொற்களைத்தானே எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொதிகலன் கோளாறோ என்னவோ,
வரிசையில் பின்தங்கிய ஒன்றை
இரவு மூன்று பத்துக்கு அடித்தான்.
ஒரே டார்பிடோ. பதினாறு நிமிடம்.
உள்ளே சுவர்கள் உடையும் சத்தம் கேட்டதாக ஒரு வரி.
அடுத்த வரியில் மணி மட்டும்.

டன் கணக்கில் சேர்க்கக் கப்பலின் பெயர் வேண்டும்.
மேலே வந்து, விளக்கடித்து,
பலகையைப் பிடித்துக் கிடந்த ஒருவனிடம்
ஆங்கிலத்தில் இரண்டு முறை கேட்டிருக்கிறான்:
என்ன கப்பல்?

பதிலும் இருக்கிறது.
மேற்கோள் குறிக்குள், பென்சிலில்,
காதில் விழுந்தபடி:
'டன்னி.'
பதிவேட்டில் அப்படியொரு கப்பல் இல்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நாற்காலியைப் பின்னால் தள்ளி
வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
பாவி, அவன் எழுத்தில்
'த'வும் இல்லை, 'ண'வும் இல்லை.
இரண்டையும் நான்தான் போட வேண்டியிருந்தது.

பிலிமோரியா தந்த ஆள் பட்டியலில் அறுபத்தெட்டுப் பேர்.
சில்ஹெட், ரத்னகிரி, கோவா, மறுபடி சில்ஹெட்.
முப்பத்தொன்றாவது:
மூக்கையா. கரி தள்ளுபவன். மெட்ராஸ் பக்கம்.
ஊருக்கென்று விட்ட கட்டம் காலி.
சம்பளம் கப்பல் மூழ்கிய தேதி வரை.
அவன்தானா?
சமையலறையில் செய்யிது லெப்பை என்று
காயல்காரர் ஒருவரும் இருக்கிறார்.
யாராயிருந்தாலும்
அந்த நேரத்தில் அந்தச் சொல்தான் வந்திருக்கும்.

உப்புநீரில் கழுத்துவரை கிடந்தவனுக்கு
அவர்கள் கொடுத்தார்களா?
பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
தெற்கே திரும்பினோம். பார்வைத் தெளிவு நன்று.

நாலரைக்கு மாநகராட்சிக் குழாய் சீறியது.
கீழே நின்று செல்வராணி அக்கா
தினமும் கத்துகிற அந்த ஒரு சொல்லைக் கத்த,
நான்கு மாடியிலும் விளக்கெரிந்தது,
படிகளில் பிளாஸ்டிக் குடங்கள் இடித்துக்கொண்டு இறங்கின.
நான் எழுந்திருக்கவில்லை.

பத்து மணிக்கு பிலிமோரியா போன் செய்தார்.
கப்பல் பெயர் தப்பாக இருக்கிறதே,
சரியான பெயரைப் போட்டுவிடுங்களேன்.
அவன் கப்பலைச் சொல்லவில்லை சார்.
பின்னே?
அவருக்கு எந்த மொழியில் சொல்வதென்று யோசித்தேன்.
மராத்தியில், இந்தியில், குஜராத்தியில்
எல்லாவற்றிலும் அதற்குச் சொல் இருக்கிறது.
அடிக்குறிப்பு அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மத்தியானம் அறையில் சொட்டு இல்லை.
செல்வராணி அக்கா வீட்டுக் கதவைத் தட்டி,
கேட்க வாய் வராமல்
குடத்தை மட்டும் நீட்டினேன்.