பத்துச் சுற்று

ஐந்து சந்தியில் நிஸ்தார் செம்பை மட்டும்தான் நிறுப்பான்.
செம்புக்காக ரான்ஸ்போமரைச் சுத்தியலால் அடிப்பான்.
கம்பி தராசுக்கு,
கறுப்புக் கல்லு கானுக்கு.

நான் போய் மறித்தேன்.
"உடைக்காதை. செம்பை நானே கழற்றித் தாறன்,
ஒரு கிராம் குறையாது. கல்லு எனக்கு."
காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டியது.
"ஒட்டினா இரும்பு, அக்கா. இரும்பெண்டா காசு."
"இரும்பில்லை. துருவைச் சுட்டு எடுத்தது. சட்டி மாதிரி."
துருவுக்கு என்ன விலை சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் பால்மா ரின்னில் அவிக்கிறேன்:
கொம்பியூட்டர் பவர் சப்ளைக் கல்லு நாலு,
முதுகு புடைத்த பழைய ரீவியின்
வயிற்றிலிருந்து ஒன்று.
வார்னிஷ் இளக இருபது நிமிடம்.
இவர் யன்னலெல்லாம் திறந்து வைத்துவிட்டு
நல்லூருக்குப் போய்விடுவார், சாமியும் காற்றும் தேடி.

இழுக்கக்கூடாது. ஆட்டவேண்டும்,
பால்பல்லை ஆட்டுவதுபோல.
அவசரப்பட்டால்
'டிக்'.
ஒட்டலாம். பசை காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது.
மீற்றருக்குத் தெரியும்.

துடைத்து மேசையில் பரப்பினால் எல்லாம் ஒரே கறுப்பு.
பெயர் இல்லை, இலக்கம் இல்லை,
எந்தச் சூளையில் வெந்ததென்ற குறி இல்லை.
அடையாள அட்டை தொலைந்து
வரிசையில் நிற்பவர்களைப் போல.
அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.
அதனால் இவற்றிடம் பெயர் கேட்பதில்லை.

பத்துச் சுற்றுச் சுற்றுவேன்.
மீற்றர் காட்டுவதை நூறால் பிரித்தால்
ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று
கல்லு தானே வாய் திறக்கும்.
இருநூற்று முப்பது மைக்ரோ: பவர் சப்ளைக் கல்லு, நல்ல சுகம்.
பதினாறு: எங்கேயோ இடைவெளி இருக்கிறது.

அந்தப் பதினாறை, பாதி இரண்டையும் சேர்த்து,
யன்னலுக்கு நேரே பிடித்தேன்.
வெளிக்கால்கள் முட்டின. நடுக்கால் முட்டவில்லை.
நகக்கீற்றளவு வெளிச்சம்.
பிழை இல்லை, வேண்டுமென்றே தேய்த்தது.
சக்தி கல்லில் தங்குவது கொஞ்சம்தான்,
மிச்சமெல்லாம் அந்தக் கீற்றுக்குள்.
இதை முதலில் படித்த இரவு
லைற்றை அணைக்காமலே படுத்திருந்தேன்.

மஞ்சள் வளையம், ஒரு முகம் வெள்ளை என்றால் கவனம்.
காந்தம் ஒட்டும், ஆனால் எங்கடை ஆள் இல்லை.
இரும்புப் பொடி.
கறுப்பின் வேலையை அதனிடம் கொடுத்தால் காய்ச்சல் வரும்.
எனக்குப் புகையே வந்தது.
கொடுத்தது நான், குளிர்நீர் தெளித்ததும் நான்,
அதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

குருநகர் எமிலியான் படகு லைற்றுக்குச்
செய்த இன்வேட்டரைக் கொண்டு வந்தார்.
உப்புக்காற்று குடித்த கம்பி, தொட உதிர்ந்தது.
கல்லு வெடித்திருந்தது, சுத்தியல் படாமலே.
கானுக்குப் போகவேண்டிய ஒன்றை எடுத்துச் சுற்றினேன்.
இடைவெளி வேண்டும். தேய்க்க மனமில்லை.
காரைநகர் பஸ் ரிக்கெற்றைக் கிழித்து
கால்களுக்கிடையில் வைத்தேன்.
ஒரு தாள் போதவில்லை.
இரண்டு தாளில் நின்றது.
"கடலுக்கு ரிக்கெற் எடுத்தாச்சு" என்றார்.
கூலி, பாதி காசு, பாதி நண்டு.

இன்னும் ஒன்று இருக்கிறது.
எதிலிருந்து வந்ததென்று நிஸ்தாருக்கும் நினைவில்லை.
மீற்றர் முனைகளை வைத்தால் தடையின் எல்லை தெரியவில்லை,
நிக்கல் என்கிறது.
பத்துச் சுற்றுக்கு அது சொல்லும் எண்
நிக்கல் சொல்லக்கூடாத எண்.
பில்லுப் புத்தகம் பறக்காமல் அதை மேலே வைத்திருக்கிறேன்.
"விடுங்கோ அக்கா, எல்லாத்துக்கும் பேர் வேணுமே?"

வேண்டாம்தான்.
கரண்ட் நிற்கிற பின்னேரங்களில்
அதைக் கையில் எடுத்து,
வெளிச்சம் போகமுன்,
மறுபடி பத்து.