கடைசி எழுத்து

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஆர்டர் தாளில்
கடைசி எழுத்தின் மேல்
யாரோ தேநீர்க் கோப்பை வைத்திருக்கிறார்கள்.
டி, இ, ஆர், ஐ, ஏ,
அப்புறம் ஒரு பழுப்பு வட்டம்.

எனக்கு வேலை ஸ்டிக்கர் எழுத்து வெட்டுவது.
லோரிக் கதவில் முதலாளி பெயர்,
டியூஷன் சென்டர் கண்ணாடியில் தொலைபேசி எண்,
மழைக்குப் பின் உரிந்துபோகும் தள்ளுபடிகள்.
ஊருக்குப் பெயர் வெட்டுவது இதுதான் முதல் தடவை.
இரவில் ஒளிரும் ரகம், எழுத்துக்கு முப்பது வெள்ளி,
வீணானால் என் கணக்கு.

போன் போட்டேன்.
"ஊர்க்காரி நீதானே," என்றாள் நோராசிக்கின்,
"எப்படி எழுதுவீர்களோ அப்படியே வெட்டு."

எப்படி எழுதுவோம்?
கோவில் வளைவில் தெரியல் தோட்டம்.
பஸ் கட்டண அட்டையில் தெரியாக்.
என் பிறப்புப் பத்திரத்தில் இரண்டும் இல்லை,
ஆஸ்பத்திரி இருந்த ஊரின் பெயர்.

பால் லோரி ஓட்டும் தணிகாசலம் சத்தியம் செய்தார்:
காடு வெட்டிய காலத்தில்
அளவுச் சங்கிலியோடு வந்த துரை
ஆற்றில் அரிசி களைந்துகொண்டிருந்த குள்ளம்மாவிடம்
இது என்ன இடம் என்று மலாயில் கேட்டானாம்.
அவள் கப்பல் இறங்கி ஒன்பது நாள்.
"தெரியல" என்றாளாம்.
தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லி
எழுதிக்கொண்டானாம்.

சிரித்துவிட்டேன்.
உலகத்தில் பாதி ஊருக்கு இதே கதைதான் அண்ணே.
"இருக்கட்டும்," என்றார்,
"அவனுங்க அடிச்சது காப்பி."

மக்சீக் ரொகாயா
நாசி லெமாக் பொட்டலத்தை மடித்தபடியே திருத்தினார்.
தெரியாக் என்றால் அலறல்.
முதலை இழுத்துப்போன புருஷனை
மூன்று வெள்ளம் வடியும்வரை கூப்பிட்டாள் ஒருத்தி.
அவள் நின்ற பாறை பாலத்தடியில் இருக்கிறது,
பொதுப்பணிக்காரர்கள் அதில்தான்
நீர்மட்டக் கோடு போட்டிருக்கிறார்கள்.
அவள் பெயர்?
சம்பல் கரண்டியைச் சட்டியில் தட்டினார்.
"கூப்பிட்டவளுக்குப் பெயர் எதற்கு?
நீ அந்தக் கடைசி கே-யை முழுங்கிச் சொல்லப் பழகு."
சொல்லிப் பார்த்தேன்: தெரியா.
முழுங்கினால் அது தமிழில் போய் நிற்கிறது.

ஆ லியோங் டயர் கடையில் ஊருக்குப் பெயரே கிடையாது.
ஏழாம் கல்.
படகுத்துறையிலிருந்து எண்ணினால்.
படகுத்துறை எங்கே?
செம்பனைக்குள்.
ஆறு நகர்ந்துவிட்டது.
அந்தக் கல் இப்போது அவர் ஜாக்கிக்கு முட்டுக்கொடுக்கிறது.

எஸ்டேட் ஆபீஸ் கோப்பில்
கறையான் தின்றதுபோக மூன்றே எழுத்து.
டி, இ, ஆர்.
அதில் யாருக்கும் தகராறில்லை.

இரண்டையும் வெட்டினேன், ஓர் எல், ஒரு கே.
முப்பது வெள்ளி போனால் போகிறது.

சடக்கோரம் ஏணி மேல் ஷஃபிகுல்,
விமானம் இறங்கிப் பதினொரு நாள்.
ஏ வரை மட்டம் பார்த்து ஒட்டிவிட்டு
கைக்கு ஓர் எழுத்தாகத் தூக்கிப் பிடித்து
எது என்று புருவத்தால் கேட்டான்.
குலை ஏற்றிய லோரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு போக,
நான் காதில் போனை இடுக்கி
வேறு யாரோ விலை குறைக்கச் சொன்னதற்குப் பதில் தேடியபடி
"தெரியல" என்றேன்.

அவன் தலையாட்டினான்.
தேங்க்யூ பாஸ் என்றான்.
எல்லை அழுத்தி ஒட்டி
உள்ளே சிக்கிய காற்றைக்
கட்டைவிரலால் ஓரத்துக்குத் தள்ளினான்.

தணிகாசலத்திடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால்
அடுத்த வாரமே ஏணியில் துரை நிற்பான்.

மிஞ்சிய கே என் வேன் டாஷ்போர்டில் கிடக்கிறது,
வெயிலில் ஓரம் சுருண்டு.
ராத்திரி பாலம் தாண்டும்போது
எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் மட்டும்
பளிச்சென்று
வாயைத் திறக்கிறது.