அரை மாத்திரை

தண்டர் பேயில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
கார்களின் வயிற்றில் மின்வயரைச் செருகிவிட்டு
சப்பாத்துப் பனியை உதறியபடி
ஒவ்வொருவராய் ஜிம்முக்குள் வருகிறார்கள்.
ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம்.
கடிகாரத்தில் அறுபது வை என்றார்கள்.
வைத்தேன்.

ஐலா கொர்பெலா,
நீ ஆடி நான் பார்த்ததில்லை.
நான் இந்த ஊருக்கு வந்தபோது
உன் முழங்கால் இரண்டும் ஏற்கெனவே போயிருந்தன.
நடைவழிச் சுவரில் மட்டும் பதினாலாம் இலக்கம்:
இடக்கையில் பந்து, திறந்த வாய்,
எவளோ ஒருத்தியின் முழங்கை உன் விலாவில்.
இரவு வேலையில் அந்தக் கண்ணாடியை
வாரம் இருமுறை துடைத்தேன்.
நீ யாரென்று தெரியுமுன்னே
உன் முகம் எனக்குப் பழக்கம்.

பிறகுதான் இந்த மேசை, இந்தக் கதிரை,
ஆட்டத்துக்கு நாற்பது டொலர்.

நீ கத்துகிற பயிற்சியாளர் இல்லை.
சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துக்
கோதைக் காகிதக் கோப்பைக்குள் துப்புவாய்.
தோற்கிற நாளில் கோப்பை சீக்கிரம் நிறையும்.
ஊர் என் பெயரை முறித்துக் குணா என்றது.
நீ மட்டும் முழுதாய்ச் சொல்லப் பார்த்துப் பிழைவிட்டாய்.
கூனசேலன்.
பதினேழு வருஷம்
நான் திருத்தவில்லை.

அந்த மாசி வெள்ளிக்கிழமை.
ஒரு புள்ளி பின்னால்,
மிச்சம் ஒன்று தசம் இரண்டு செக்கன்.
கார்லா வெட்டோரி பந்தை வாங்கினாள், திரும்பினாள், எறிந்தாள்.
ஹார்ன் அடிக்குமுன் வலை அசைந்தது.
சனம் கூரையைப் பிய்த்தது.

என் பெருவிரலுக்குத் தெரியும்.
அவள் கையில் பந்து பட்டபோது
அது அழுத்தவில்லை,
பார்த்துக்கொண்டு இருந்துவிட்டது.
வேண்டுமென்றா, வாய்பிளந்தா
என்று இன்றுவரை நான் அதனிடம் கேட்கவில்லை.

எதிரணிகூட வாய் திறக்கவில்லை.
நடுவர்கள் உள்ளே போகத் திரும்பிவிட்டார்கள்.
நீதான் காலை இழுத்து இழுத்து மேசைக்கு வந்தாய்.
கடிகாரம் பிந்திவிட்டது, என்றாய் அவர்களிடம்.
பிறகு என்னைப் பார்த்தாய்.
நான் தலையாட்டினேன்.

கூடை போனது. அந்தப் பருவமும் போனது.
கார்லாவின் தகப்பன் அதன்பின் உன்னோடு பேசவே இல்லை.

மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை.
பத்து வயதில் மனப்பாடம் செய்தது,
அன்றிரவு வெறும் ஜிம்மில்
தரை துடைக்கும்போது திரும்பி வந்தது.
மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மை.
இரண்டுக்கும் அளந்தது அவ்வளவுதான்.

அடுத்த நாள் மேசையில் ஒரு பொட்டலம் விதை.
துண்டுக் கடிதமும் இல்லை.
உப்பு எனக்கு ஆகாதென்று உனக்குத் தெரியாது.
முழுவதையும் தின்றேன்.

ஐப்பசியில் கணையம் என்றார்கள்.
மார்கழியில் ஒருநாள் பயிற்சிக்கு வந்தாய்,
கோப்பை இல்லாமல்,
இரண்டு அளவு பெரிதான உன் சொந்த ஜாக்கெட்டில்.
சரியாய் ஓடுகிறதா, கூனசேலன்? என்றாய்
மேலே கடிகாரத்தைப் பார்த்து.
ஓடுகிறது என்றேன்.
தை பிறந்து நாலாம் நாள்.

இன்று அரைச் செக்கன் பிந்தி அழுத்தலாம்
என்றுதான் நினைத்திருந்தேன்.
யார் கண்டது,
உனக்கென்று கொஞ்சம் கூட.
பெருவிரல் கேட்கவில்லை.
நீ எழும்பி மேசைக்கு வந்துவிடுவாய் என்ற பயம் அதற்கு.
நேரத்துக்கு அழுத்தியது.

அறுபது.
வெப்பக் குழாய்க்குள் ஏதோ தட்டியது.
நாற்பத்தொன்று.
யாரோ ஒருவரின் ஜிப்.
ஒன்பது. எட்டு.

ஹார்னை நிறுத்தி வைக்க மறந்துபோனேன்.

சுழியத்தில் அது அலறிய அலறலில்
குழந்தையொன்று வீரிட்டது,
வாங்கிலிருந்த பெண்கள் ஐந்து பேர்
பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்து
களத்துக்குள் ஓடினார்கள்.
நடுக்கோட்டில் நின்றுவிட்டு
எந்தப் பக்கம் என்று திரும்பி
உன் கதிரையைப் பார்த்தார்கள்.
முதலில் ஒருத்திக்குத்தான் சிரிப்பு வந்தது.