நாலு விரற்கடை

வெலிங்டனில் ஒரு கடல் இருக்கிறது.
ஆறாயிரம் அடி உயரத்தில்,
பழைய பாரக்ஸின் மேற்குக் கூடத்தில்,
பதினெட்டுக்குப் பன்னிரண்டு அடி.
ஒட்டுப்பலகை மேல் எனாமல் பூச்சு,
ஆழம் காட்ட மூன்று வகை நீலம்.
வாரம் இருமுறை அதைத் துடைப்பவள் நான்.
ஒப்பந்த ஆள். அட்டை எண் எழுபத்தொன்று.
ஈரத்துணி படக்கூடாது என்று உத்தரவு.
அதனால் கடலை
உலர்ந்த துணியால்தான் துடைக்கிறேன்.

போர்க்கப்பல்கள் என் சுண்டுவிரல் நீளம்.
விமானம்தாங்கி மட்டும் உள்ளங்கை அளவு.
நீர்மூழ்கிகள் மேசையிலேயே இல்லை,
நடுவரின் தகர டப்பாவில் கிடக்கின்றன.
ஏவுகணை என்பது சிவப்பு நூல்:
முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முழம்.
போன மாதம் ஒரே காலையில்
பதினேழு ஏவுகணைகளை முறத்தில் அள்ளிக்
குப்பையில் கொட்டினேன்.

ஒற்றை எஞ்சினா இரட்டை எஞ்சினா
என்று மூன்று நாள் பேசினார்கள்.
தேநீர்க் கோப்பை எடுக்கப் போகிறவளுக்குப்
பதினொரு வருஷத்தில் காது பழகிவிட்டது.
நடுக்கடலில் ஒன்று நின்றால்
வீடு திரும்ப இன்னொன்று வேண்டாமா என்றார்
தூத்துக்குடிக்காரர், கமாண்டர் மச்சாது.
இரண்டென்றால் எண்ணெயும் இரண்டு, பழுதும் இரண்டு,
அந்தக் காசுக்கு
இன்னும் பத்து வாங்கலாம் என்றார்
விங் கமாண்டர் சைக்கியா.
எங்கள் வீட்டிலும் நடந்த வாதம்தான்,
அடுப்புக்கு ஒரு பர்னரா இரண்டா என்று.
ஒரே ராத்திரியில் முடிந்தது.
காசு முடித்து வைத்தது.

திங்கட்கிழமை, ஜன்னலுக்கு வெளியே
காட்டெருமை ஒன்று வந்து நின்றது.
கண்ணாடியில் அதன் மூச்சு
வெள்ளையாகப் படர்ந்து அடங்கியது.
திரும்பிய வேகத்தில் முந்தானை பட்டு
ஒரு கப்பல் தரையில் விழுந்தது.
கொம்பு முறிந்த கப்பல்.
அடியில் ஒட்டியிருந்த சீட்டை அன்றைக்குத்தான் படித்தேன்:
ஆட்கள் 280.

நகப்பூச்சு வைத்து ஒட்டினேன்.
இருந்த இடம் என்று நினைத்த இடத்தில் வைத்தேன்.

புதன்கிழமை சைக்கியாவின் பக்கத்து விமானங்கள்,
ஒற்றை எஞ்சின், கிளம்பிப் போயின.
நடுவர் நூலை இழுத்துப் பிடித்தார்.
எட்டவில்லை.
இன்னொரு முறை இழுத்தார்.
ஒரு விரற்கடை குறைந்தது.
தட்டோடு வாசலில் நின்றவளுக்குத்
தொண்டை வறண்டது.
நான் நகர்த்தியது நாலு விரற்கடை.
மேசைக் கணக்கில் ஐம்பது கிலோமீட்டர்.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அட்டை போகும்.
சொன்னால் அந்த இருநூற்று எண்பது பேரும்.
அம்மா ஞாபகம் வந்தது.
தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள்,
ஆயுளில் ஏறிய ஒரே கப்பல் அது.
கப்பலில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால்
எனக்குத் தெரிந்தது
வாந்தி எடுத்தவர்கள் மட்டும்தான் என்பாள்.
அவளையும் எங்கோ ஒரு சீட்டில்
எண்ணாக எழுதியிருப்பார்கள்.

கூட்டம் சாயங்காலம் வரை நீண்டது.
முடிவை மச்சாது வாசித்தார்:
தூரம் போதாது, இரட்டை எஞ்சினே உசிதம்,
ஏவுகணையும் நீளமானதாக வேண்டும்.
சைக்கியா சர்க்கரை இல்லாத தேநீரில்
வெகுநேரம் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
தேர்வுத்தாள் உறைக்குள் போனது.
உறை எங்கே போகிறது என்பது
எழுபத்தொன்றாம் எண்ணுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை துடைக்கையில்
அந்தக் கப்பலை எடுக்கவில்லை.
சுற்றிலும் துடைத்துவிட்டு வந்தேன்.
அதற்கு மட்டும் ஒரு வளையம் தூசி.

மத்தியானம் ஸ்டோர் சீட்டோடு
குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் அனுப்பினார்கள்.
சிவப்பு நூல், பெரிய உருண்டை, இரண்டு.
இவ்வளவு எதற்கு, எத்தனை ரவிக்கை என்றார்
தையல் சாமான் கடை நஞ்சன்.
கடலுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சாயம் போகாத நூலா பார்த்து
எடுத்துக் கொடுத்தார்.