எட்டு நிமிடம் இருபது விநாடி

நானூற்றுப் பன்னிரண்டு பக்க நாவல்.
அதில் அவள் ஒருத்திதான்,
கயிறு அறுந்தவள்,
கப்பலுக்கு வெளியே.
பக்கத்துக்குப் பக்கம் ஒரே வாக்கியம்:
இங்கே ஒலி இல்லை.

இதை நான் எப்படிப் பாட, என்றார் வசுந்தரா ஹெப்பார்.
வந்த இடமெல்லாம் அடித்துவிட்டு
ஓரத்தில் எழுதினேன்: சும்மா இருக்கவும்.

பீன்யாவில் வாடகைக்கு எடுத்த கொட்டகை.
கிரேன் சங்கிலியில் ஹெப்பார் தொங்குகிறார்,
இடுப்பில் பெல்ட், காலில் சாக்ஸ்.
தாளத்துக்கு இருதயராஜ், பகலில் லேத் வேலை.
மைக்ரான் கணக்கில் பிசகி
மேலே போகாமல் நின்றுவிட்ட திருகாணிகள்
ஒரு பெயின்ட் வாளி நிறைய வைத்திருக்கிறார்.
தட்டில் கொட்டிச் சாய்த்தால்
ஒரு மாதிரி மழை.
அதை நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டோம்.

சிக்கல் பக்கத்துக் கொட்டகை.
பவர் பிரஸ், இரவு ஷிப்ட்.
தம். தம்.
என் விண்வெளி முழுக்க
வாஷர் அடிக்கிற நாடி.

முதலாளி சந்திரப்பா கெட்டவர் இல்லை.
கால்குலேட்டரை எடுத்தார்.
நிமிடத்துக்கு இருபத்து நாலு பீஸ்,
பீஸ் நாலு ரூபாய்.
எவ்வளவு நேரம் சத்தம் வேண்டாம் உங்களுக்கு?
பதினொரு நிமிடம் என்றேன்.
ஆயிரத்து ஐம்பத்தாறு.
கையில் இருந்தது எண்ணூறு.

அன்றிரவு அந்த அத்தியாயத்தில்
இரண்டு நிமிடம் நாற்பது விநாடி வெட்டினேன்.
பல் தேய்ப்பதை அவள் நினைத்துக்கொள்ளும் பத்தி போயிற்று.
எனக்குப் பிடித்த பத்தி.
மிச்சம் எட்டு நிமிடம் இருபது விநாடி.
சூரியன் அணைந்தாலும்
அவ்வளவு நேரம் நமக்குத் தெரியாது சார்,
என்றார் இருதயராஜ் டீயை ஊதிக்கொண்டே.
நாவலில் இல்லாத வரி. சேர்க்கவில்லை.

முதல் காட்சிக்கு நாற்பத்தொரு பேர்.
பிளாஸ்டிக் நாற்காலிகள்.
பிரஸ் நின்றது.
காதுக்குள் பெரிய கதவொன்று திறந்துகொண்ட மாதிரி.
ஹெப்பார் வாயைத் திறந்தார், பாடவில்லை.
சங்கிலி மெல்லத் திரும்பிற்று.

வேலையில்லாமல் போன பிரஸ்காரர்
கை துடைக்கும் துணியோடு ஷட்டர் ஓரம் வந்து நின்றார்.
அண்ணாந்து பார்த்தார் நெடுநேரம்.
பிறகு, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல்:
ஆய்த்தா?

கயிறு அறுந்தவளிடம்
நாவலில் யாரும் எதுவும் கேட்பதில்லை.
ஹெப்பார் தலையை மட்டும் அசைத்தார்,
இல்லை என்று.
அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

காசு கட்டிய நேரம் தீர்ந்தது.
அடுத்த தம்முக்காக
எல்லோரும் தோளை இறுக்கிக்கொண்டோம்.
அதை அடிக்க வேண்டியவர்
எங்களோடு உட்கார்ந்திருந்தார்.