விழும் பக்கம்

ஜே.சி. ரோட்டில் சீட் கவர் கடைகள் முடிகிற இடத்தில்
ஒரு ஷட்டர் எப்போதும் பாதி இறங்கியே இருக்கும்.
குனிந்துதான் நுழைய வேண்டும்.
உள்ளே தோல் வாசனை, பசை வாசனை, மூன்று மெஷின்,
கழுத்தில் இஞ்சு டேப்போடு இல்யாஸ்.
என்னைவிடப் பத்து வயதாவது சின்னவன்.
பைக் ஓட்டத் தெரியாதாம். மெட்ரோவில் வருகிறான்.

"நின்னா அளவு சரியா வராது மேடம், உக்காருங்க."
ஒரு மர ஸ்டூல்.
எதிர்ச் சுவரில் அடித்த இரும்புக் குழாய்தான் ஹேண்டில்பார்.
பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தேன்,
இல்லாத டேங்கைத் தொடையால் அணைத்தேன்.
ட்யூப்லைட் வெளிச்சத்தில்
நூற்று இருபதில் போய்க்கொண்டிருந்தவளின்
தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே டேப் ஓடியது.
அவன் சொல்லச் சொல்ல
ஒரு பையன் கன்னடத்தில் எழுதிக்கொண்டான்.

கடையில் தொங்கும் சூட்டெல்லாம் எனக்கு
தோளில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டிருக்கும்,
இடுப்பில் மூச்சுக்குக்கூட விடாது.
முழங்கால் கவசம் கெண்டைக்காலுக்கு நழுவி
அங்கே எதைக் காக்கிறதோ.

என்ன கலர் என்றான்.
கறுப்பைத் தவிர எதுவானாலும் என்றேன்.
சிரித்தான். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்து
கறுப்பில் வந்து நிற்பார்களாம்.
ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர்
முதுகில் தன் நாயின் முகம் கேட்டிருக்கிறார்.
ஒரு ஜோடி ஆளுக்கு அரை இதயம் தைத்துக்கொண்டது.
ஆறு மாதத்தில் ஒரு பாதி மட்டும் திரும்பி வந்தது,
பிரித்துத் தரச் சொல்லி.
ஏழாம் நம்பருக்கு இந்த மாதம் மட்டும் நாலு பேர்.

நான் கேட்டது மாதுளைத் தோலின் சிவப்பு.
இன்ஹேலருக்கு உள்ளே ஒரு பாக்கெட்.
முதுகு முழுக்கத் தமிழில் என் பெயர்: பொற்கொடி.
றகரப் புள்ளியைத் தனித் துண்டாக வெட்டணுமே என்று
கொஞ்சம் அலுத்துக்கொண்டான்.
அப்புறம், முதுகில் வேண்டாம் மேடம்,
சறுக்கும்போது முதலில் பிய்வது பெயர்தான் என்றான்.
நெஞ்சோரமாக வைக்கலாம். சரி.

என் பழைய ஜாக்கெட்டை மேசையில் விரித்து
வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நீங்க எப்பவும் இடது பக்கம்தான் விழறீங்க."

ஹெப்பாளில் மழை. தேவனஹள்ளியில் மணல்.
மூன்றாவதை வீட்டில் சொன்னதே இல்லை.
மூன்றும் இடது.
எனக்குத் தெரியாத ஒன்று
என் முழங்கைத் தேய்மானத்தில் இருந்திருக்கிறது.
இடது இடுப்பு, இடது முழங்கை, அங்கெல்லாம்
தோல் இரட்டையாக, தையல் மூன்று வரி.
அதற்குத் தனிக் காசு வேண்டாம் என்றான்.

கடைசியாக, காலருக்கு உள்ளே
ரத்த வகை, ஒரு போன் நம்பர்.
யாருடையது?
அம்மா ஆம்பூரில், புது நம்பர் என்றால் கட் செய்துவிடுவாள்.
தம்பி மஸ்கட்டில்.
சேதுவின் நம்பர் இன்னும் மனப்பாடம்,
அதைச் சொல்வதாக இல்லை.
"உறவு வேணாம் மேடம். எடுக்கிறவங்க யாரு?"

கீழ்வீட்டு வசுதா.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி ஷிஃப்ட்,
நான் ஊரில் இல்லாதபோது என் பூனைக்குச் சோறு.
அங்கிருந்தே கூப்பிட்டுக் கேட்டேன்.
பகல் தூக்கத்திலும் முதல் ரிங்கில் எடுத்தாள்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
"தைக்கச் சொல்லு," என்றாள்.
"கூப்பிட வெச்சிராதே."

சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்துத் தந்தான்.
நம்பரில் ஒரு ஏழு, ஒன்றாகியிருந்தது.
பிரித்து மறுபடி தைத்தான்.
தோலில் ஊசி போன துளை மூடாது.
ஏழுக்குக் கீழே அந்த ஒன்று
இன்னும் புள்ளி புள்ளியாக.

இப்போது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
உட்காரவைத்து எடுத்த அளவு, நிமிராது.
முழங்கை மடங்கி, முதுகு வளைந்து
சுவரைத் தாண்டிப் போகப் பார்க்கிறது.
நேற்று பூனை முதல் கீறலைப் போட்டுவிட்டது.
வலது பக்கம்.