ஆம் என்றால்

நாய்க்கு உரிமம் நான்தான் தருவேன்.
சேற்றில் மட்டி தோண்ட,
இறவையில் படகைக் கட்ட,
பிணம் புதைக்க,
எல்லாத் தாளுக்கும் என் மேசை, என் முத்திரை.
மெய்ன் மாநிலத்தின் கிழக்கு ஓரம்.
நானூற்றுச் சொச்சம் ஓட்டு உள்ள ஊர்.
இன்னும் கையால்தான் எண்ணுகிறோம்.

அந்த மே மாதம் ஆளுநர் கையெழுத்திட்ட மறுநாள்
மீன் தீவன வாடையோடு உள்ளே வந்தார்கள்
ஆல்டன் பிங்க்ஹாமும் ராய்ஸ் லெவெக்கும்.
பதினேழு வருடம் ஒரே படகு, ஒரே தபால் பெட்டி.
"படிவம் வந்துவிட்டதா, வெர்னா?"
செப்டம்பரில் என்றேன்.
செப்டம்பரில் வந்தார்கள்.
எதிர்த்து மனுப் போட்டிருக்கிறார்கள்,
நவம்பரில் வாக்கெடுப்பு என்றேன்.
ஆல்டன் தலையாட்டினான்,
வானொலியில் காற்றின் வேகம் கேட்பவன்போல.

சீட்டில் கேள்வியைத் தலைகீழாக அச்சிட்டிருந்தார்கள்:
இந்தச் சட்டத்தை நிராகரிக்க விரும்புகிறீர்களா?
ஆம் என்றால் கூடாது.
இல்லை என்றால் கூடும்.
திரைக்குள்ளிருந்து மூன்று பேர் தலைநீட்டி
எதில் கட்டமிட வேண்டுமென்று கேட்டார்கள்.
சொல்வதற்கு எனக்கு அனுமதியில்லை.
என் முறை வந்தபோது
நான் யாரையும் கேட்கவில்லை.
எனக்குக் கேள்வி நன்றாகப் புரிந்திருந்தது.

இரவு, தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
மடக்கு மேசைகளில் எண்ணினோம்.
உரக்கப் படிப்பது என் வேலை.
ஆம். ஆம். இல்லை. ஆம்.
காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில்
தொப்பியைக் கழற்றாமல் ஆல்டன் நின்றான்.
கல்யாணத்தில் ஒருமுறை கேட்க வேண்டிய சொல்லை
இருநூற்றுப் பதினான்கு முறை கேட்டான்.
அதில் ஒன்று என்னுடையது.
எது என்று எனக்கே தெரியாது.
எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் படித்தேன்.

மறுநாள் கடையில்
ராய்ஸுக்கு முன்னால் ஏழு பேர்.
கணக்குப்படி அதில் நாலு பேர்.
நாலு பேரும் காலை வணக்கம் சொன்னார்கள்.
ஏழு பேரும் சொன்னார்கள்.

எஞ்சின் நின்ற அன்று கயிறு வீசியவர்
எதில் கட்டமிட்டார்,
வாசல் பனியைச் சொல்லாமல் தள்ளிவிட்டுப் போகிறவர் எதில்,
அவர்கள் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதும் ஒரு வேலை.
கூலி கிடையாது, விடுமுறை கிடையாது.

நடுவில் ராய்ஸுக்கு இதய வால்வு மாற்றினார்கள்.
பேங்கர் மருத்துவமனைத் தாளில்
உறவு என்ற இடத்தில் ஆல்டன்
படகுப் பங்காளி என்று எழுதினானாம்.
தாதி அதைப் படித்து
எத்தனை அடிப் படகு என்று கேட்டாளாம்.
இதை என்னிடம் சொல்லிச் சிரித்தான்.
நான் நாணயத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்,
இரண்டாவது தடவை.

மூன்று வருடம் கழித்துக் கேள்வியை நேராக்கினார்கள்.
இம்முறை ஆம் என்றால் ஆம்.
திரைக்குள் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது
உங்களுக்கு வேண்டாம்.
எங்கள் ஊர் மறுபடியும் கூடாது என்றது, ஒன்பது ஓட்டில்.
மாநிலம் கூடும் என்றது.

டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை.
சனிக்கிழமை நான் திறப்பதில்லை.
திறந்தேன்.
இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல்
அதே எண்ணெய்க்கறை அங்கியோடு வந்தார்கள்.
சாட்சிக்கு இரண்டு பேர்,
அதில் ஒருவர் அந்த ஏழு பேரில் ஒருவர்.
"நோட்டரி நீதானே, நீயே நடத்திவிடேன்" என்றான் ராய்ஸ்.
"வெர்னா, அன்றைக்கு நீ..." என்று ஆரம்பித்தான் ஆல்டன்.
ராய்ஸ் அவன் காலை மிதித்தான்.

மெய்ன் மாநிலம் எனக்களித்த அதிகாரத்தால் கேட்டேன்.
குரல் எங்கோ சிக்கியது, மறுபடி கேட்டேன்.
ஆம் என்றான்.
பழக்கதோஷம்,
மையொற்றுத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன்.
ஆம் என்றான் மற்றவன்.
இன்னொரு கோடு.

"நாய்க்கும் இன்றைக்கே புதுப்பித்துவிடலாமா?
திங்களோடு காலாவதி."
ஆறு டாலர் என்றேன்.
சில்லறை இல்லை என்றார்கள்.
என் பையில் தேடினேன்.